தரிசன வரிசையில் ஒரு மொட்டைத்தலைக்காரர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமலையில், தரிசனத்துக்குக் காத்திருக்கும் கூடத்தில் அவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். புது மொட்டை, அதில் சந்தனம். லிஃப்டில் ஏறினால் பழைய காலத்துக்குப் போய்விடுகிற அந்த டிவி தொடரைப் பற்றிப் பக்கத்திலிருந்த தன் மச்சானிடம் ஓயாமல் பேசினார். குழம்பும்போதெல்லாம் மொட்டையைத் தேய்ப்பார்.

“வாத்தியாரைக் கொன்ன கெழவன் யாருடா?”

நானும் அந்தத் தொடர் பார்க்கிறவள். கூச்சத்தை விட்டுச் சொன்னேன்.

“அந்தச் சின்னப் பையன்தான் வயசாகித் திரும்பி வர்றான் நைனா. ரெண்டு பேரும் இடது கையாலதான் துன்றாங்க.”

அவர் கை மறுபடி மொட்டைக்குப் போனது. அதற்குள் கதவு திறந்தது. வரிசை நகர்ந்து, சுவாமிக்கு எதிரே வந்தோம். கிடைத்த அந்த ஒரு நொடியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

“அப்போ லிஃப்ட்ல காணாமப்போன பொண்ணு யாரு, ஆயா?”

“ஜருகண்டி” என்று அவரை நகர்த்திவிட்டார்கள்.

“விடிஞ்சதுலேர்ந்து ஒக்காந்துக்கினு இருந்துட்டு, சாமியைப் பாக்கலியே மாமா” என்று வெளியே வந்ததும் மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

“சாமி எங்கயும் போவமாட்டாரு. ஆயா போயிடும். நீ சொல்லு ஆயா.”

“கெழவனோட பொண்ணு” என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். மனிதர் கண்ணை மூடிக் கைகூப்பினார்.

தொடரை முழுக்கப் பார்த்தவர்கள் யாராவது, நான் சொன்னது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.