தரையில்தான் தள்ளாட்டம்

இந்தத் தொழிலில், நாம் வாயைத் திறப்பதற்குள் ஊரே ஆலோசனை சொல்லி முடித்திருக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் வந்தவர்களுக்குப் பேச்சுத்துணையாகப் பழவேற்காட்டுக் குப்பங்களுக்குப் போய்வருகிறேன். எனக்கும் அதே நோய்தான். இதே நோயோடு இதைப் படிக்கும் உங்களைப்போல் நானும் சுவரைக் கேட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன். அதனால் தேசம்மாவின் பாடு உங்களுக்குப் புதிதாக இராது.

காலையிலேயே

தேசம்மா ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். முப்பது வயதுகூட இல்லை. நோய் வந்த புதிதில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள், மீன் மார்க்கெட்டில் தள்ளாடி நடந்தாள். நான் பின்னால் தடியூன்றி வந்துகொண்டிருந்தேன். ஏலக்காரர் சிரித்தார்: "இன்னாமே, காலையிலேயே ஏத்திக்கினியா?"

அவள் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, சந்தைக்கே கேட்கச் சொன்னாள்: "ஆமாண்ணா, ஆஸ்பத்திரில பாட்டில் பாட்டிலா ஏத்துனாங்க. உனுக்கும் ஒண்ணு சொல்லவா?"

ஷீட்டுக் கூரை

அவள் கணவன் ஏழுமலை இனி ஏரியே வேண்டாம் என்று வீட்டில் உட்காரவைத்தான். அன்பினால்தான். ஆனால் அந்த ஷீட்டுக் கூரைக்கடியில் மதியமானால் அவளுக்குப் பார்வை மங்கும், கால் துவளும். இத்தனை வருடம் தண்ணீரில் கிடந்ததால் வந்த வினை என்றான் அவன். புத்தி சொல்ல என்னை அழைத்துவந்தான்.

இந்த நோய்க்குச் சூடு ஆகாது, உடம்பு சூடானால் கால் சொன்னபடி கேட்காது என்றேன். வெயில் ஏறுமுன் இடுப்பளவுத் தண்ணீருக்குப் போகலாம். தனியாகக் கூடாது. முடியாத நாளில் போகக் கூடாது. மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது.

ஏழுமலை என் தடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏரிக்குப் போவாதன்னு சொல்ல உங்கள இட்டாந்தா, நீங்களே புடிச்சுத் தள்றீங்களேம்மா!"

வரிசை

இறால் தடவும் பெண்கள் வரிசையாகத்தான் இறங்குவார்கள். வரிசையில் சேர்க்காவிட்டால் தேசம்மாவுக்கு ஏரி இல்லை. ஏழுமலை அரைமனதாக விட்டான்; மறுநாள் விடியலில் மூத்தவள் முனியம்மா கரையிலேயே மறித்தாள்: "நீ வுழுந்தா நாங்க உன்னத் தூக்குறதா, எறாலத் தூக்குறதா?"

நியாயமான கேள்வி. நான் யோசித்து வைத்திருந்த நல்ல சொற்களையெல்லாம் கடற்காற்று கொண்டுபோனது. தேசம்மா என் தோளைப் பிடித்து இறங்கினாள், மண்டியிட்டாள், இறால் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்வினாள். வலது விரல்கள் மரத்திருந்தன. இடது கையால் தடவினாள். மற்றவர்களும் இறங்கி மண்டியிட்டார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் தலைகள் மட்டும் மெல்ல நகர்ந்தன. அதில் நோயாளி யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் பறிக்குள் முதல் இறால் விழுந்தபோது முனியம்மா கத்தினாள்: "தரையிலதான்டி உனுக்குத் தள்ளாட்டம். தண்ணியில எவ நிமிர்ந்து நடக்குறா? ஓரமாப் போவாத, எங்க நடுவுல வா!"

நம்மில் ஒருவரும் இந்த நோயை ஜெயித்ததில்லை. அதற்காக அதற்கு நாற்காலி போட்டு உட்காரவைத்ததும் இல்லை.