வடிகட்டிவிட்டால் சைவமா?

மகளின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். முடிந்தது, விரதமும் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து, ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் கூடப் படித்த தோழிகள் சந்திராவும் லெட்சுமியும் போர்டிக்சன் கடற்கரையில் புதிதாகத் திறந்த இத்தாலிய உணவகத்துக்கு அழைத்தார்கள். சைவமும் கிடைக்கும் என்றதால் போனேன்.

முதலாளி நம் தமிழர்தான். "விரதம் இருக்கேன். இறைச்சி இல்லாத சூப் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குக்கா. எல்லாம் காய்கறிதான்."

சூப் வந்தது. கடற்காற்றில் ஆவி வளைந்து வளைந்து எழுந்தது. கரண்டியை உதட்டருகே கொண்டுபோன நொடியில், அவர் பெருமையாகச் சொன்னார்: "அசல் இத்தாலி ருசிலா அக்கா! மாட்டெலும்ப காலையிலேர்ந்து கொதிக்க விட்டு எடுத்த தண்ணி."

கரண்டி நழுவி விழுந்தது.

"இறைச்சி இல்லன்னு சொன்னீங்களே?"

"இறைச்சி இல்லையேக்கா. எலும்பத்தான் வடிகட்டிட்டோமே!"

அதைவிட, சந்திரா சொன்னதுதான் சுட்டது. "விடுடி, துண்டு ஒன்னும் மிதக்கலையே. முருகன் வந்து கிண்டியா பாக்கப் போறாரு?"

"வேண்டிக்கிட்டவளுக்குத் தெரிஞ்சிடுச்சே, அது போதாதா?" என்று எழுந்துவிட்டேன். லெட்சுமி மட்டும் கார் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

குறித்தபடி பால்குடம் எடுத்தேன். ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் இறைச்சி இருக்கிறதா என்று கேட்பதோடு விடுவதில்லை. "எந்தத் தண்ணியில வேக வச்சீங்க?" என்றும் கேட்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். பதில் வரும்வரை நான் கரண்டியைத் தொடுவதில்லை.