மாதா கோயில் படியில் ஒரு முறம் தவிடு

சின்னக்கானலில் எங்கள் எஸ்டேட் மேட்டில் இன்றும் நிற்கும் மாதா கோயில் முழுக்க முழுக்க மரம். ஈரம் ஏறாமலிருக்கக் கருங்கல் கால்களின்மேல் நிறுத்தி, ஆணிக்குப் பதில் மரமுளை அடித்து, ஆஞ்சிலிப் பலகையால் கட்டியது. பலகை போதாத உட்கூரைக்குப் பழைய தேயிலைப் பெட்டிகளைப் பிரித்து அடித்தார்களாம். மழை நாளில் உள்ளே போனால் தேயிலை மணக்கும். மாதாவுக்கு டீ பிடிக்கும் என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கும்பிடுவது மாரியம்மனை. ஆனாலும் அந்தக் கோயிலோடு எனக்கு ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. எனக்கு முன் பிறந்த இரண்டும் அம்மாவுக்குத் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னைக் கோயில் வாசற்படியில் கிடத்தி மாதாவுக்கே கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு தந்து திரும்ப வாங்கி வந்தாள். மாதா பிள்ளையை எமன் தொடமாட்டான் என்று நம்பிக்கை. இதில் சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது, தவிடு கொடுத்து என்னை வாங்கினார்கள் என்பது மட்டும்தான்.

எனக்கு ஆறு வயதிருக்கும். ஒரு மழைக்காலத்தில் கல்கால்கள் மண்ணில் இறங்கிக் கோயில் சாய்ந்தது. அதைப் பிரித்து, இப்போதிருக்கும் மேட்டில் மறுபடி பூட்டுவதென்று முடிவாயிற்று. எது எங்கே என்று குழம்பாதிருக்க ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸால் நம்பர் போட்டார்கள். அந்த வேலைக்குப் போன மாமா சும்மா இருப்பாரா? வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து அதிலும் சாக்பீஸால் ஒரு நம்பர் எழுதினார்.

"கோயில் சொத்து எல்லாத்துக்கும் நம்பர் போட்டாச்சு புள்ள. நீயும் மாதா புள்ளதான? நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போயிருவாக."

எனக்கு உயிரே போய்விட்டது. எச்சில் தொட்டு அழித்தேன். மாமா மறுபடி எழுதிவிட்டார்.

காலையில் அம்மா கொழுந்து எடுக்கப் போனதும், மாட்டுத் தவிட்டை முறம் நிறைய அள்ளிக்கொண்டு ஓடினேன். பாதி காற்றோடு போயிற்று. மீதியை வாசற்படியில் வைத்துவிட்டு, கோயில் மணியடிக்கும் கப்பியாரிடம், "என்னைய எங்கம்மாட்டயே குடுத்துருங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை. தேயிலைக் காட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அம்மா இடுப்புச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்தாள். கப்பியார் விஷயத்தைச் சொன்னார். "ஒன்னைய யாருடி திருப்பிக் கேட்டா?" என்று சத்தம் போட்டவள், முறத்தைப் பார்த்ததும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.

தவிடு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அழாதம்மா," என்றேன். "வீட்டுல இன்னும் கெடக்கு."