பத்து சென்டிமீட்டர் உயர்ந்த மேசை

டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு ரப்பர் ஒட்டும்போது அவசரப்படக் கூடாது. பசை முதலில் பால் போல வெள்ளையாக இருக்கும். அது காய்ந்து தெளிந்த பிறகுதான் ரப்பரை மேலே வைக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, புதுச்சத்திரத்து வீட்டு வாசலில் கதிர்வேலும் மகள் சௌமியாவும் பசை தெளியக் காத்திருந்தார்கள். பேட் அவர் கையில். பூரிக்கட்டை அவள் மடியில்.

"காஞ்சிருச்சா பாரு சாமி."

"ஓரத்துல இன்னும் வெள்ளையா இருக்குதுப்பா."

"என்ற கண்ணுக்கு எல்லாம் தெளிவாத்தான் தெரியுது."

"அதுக்குத்தான் கண்ணாடி போடச் சொல்றது."

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்தக் கட்டையில நாளைக்கு நானு சப்பாத்தி தேய்க்கோணும். பசைய ஒட்டி வெச்சீங்கன்னா அப்பனுக்கும் மகளுக்கும் இன்னைக்குச் சோறு கிடையாது!"

பசை தெளிந்தது. அவர் ரப்பரைப் பொருத்திப் பிடிக்க, அவள் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டையை உருட்டினாள். மிஞ்சி நின்ற ரப்பரை அவர் கத்தியால் ஒரே சுற்றில் அறுத்து எடுத்தார். பிசிறு இல்லை. லாரி சீட்டுக்கு ரெக்சின் அறுத்த கை.

"பரீட்சை முடிஞ்சு அந்தப் பள்ளிக்கூட ஹாலைத் தொறக்கட்டும். வெண்ணந்தூரு போயி டேபிள் கால வெட்டிப் போட்டு வந்தர்றேன்" என்றார்.

"நானும் வரட்டுமாப்பா?"

"அரை நாள் வேலை. அதுக்கு எதுக்குச் சாமி உனக்கு லீவு?"

சாயங்காலம் அவள் தான் வேலை பார்க்கும் ஓசூருக்கு பஸ் ஏறினாள். வியாழக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்த கதிர்வேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். வயது அறுபத்திரண்டு.

அந்த டேபிள் அவர் கட்டியது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவர் முப்பத்தெட்டு வருடம் இருந்தார். சௌமியா ஆறாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை இருந்தது. அது பிளஸ் டூ பையன்களுக்கு மட்டும். மற்ற நேரம் அந்த அறைக்குப் பூட்டு. "எனக்கு அது ஆடணும்ப்பா" என்று அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

அடுத்த மாதமே பட்டறையின் பின்பக்கம் ஒரு மேசை நின்றது. கேபினுக்கு வாங்கி மிஞ்சிய பிளைவுட், ஆங்கிள் இரும்பில் நாலு கால், ஏதோ ஒரு லாரிக்கு அடித்து மீந்த பச்சைப் பெயின்ட். நீளம் ஒன்பது அடி, அகலம் ஐந்து அடி, நெட் ஆறு அங்குலம். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் பார்த்து எழுதி வைத்திருந்தார். ஒரு நூல் பிசகவில்லை.

உயரம் அந்தப் பக்கத்தில் போடவில்லை. அது தெரியாத விஷயம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பட்டறையில் எந்த மேசைக்கும் உயரத்துக்கு டேப் பிடிப்பதில்லை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுதான் மேசையின் உயரம். அதற்குக் கீழே போனால் குனிய வேண்டும். குனிந்து வேலை செய்கிறவனுக்கு நாற்பதில் முதுகு போய்விடும். கதிர்வேல் நெட்டையான ஆள். அவர் மணிக்கட்டுக்கு இரண்டு அடி பத்து அங்குலம் வந்தது.

வெள்ளைக்கோடு போட்டது பெயின்டர் சரவணமுத்து. லாரி முகப்பில் எழுதும் அதே பிரஷ். கோட்டோடு நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. நாலு மூலையிலும் தாமரை வரைந்துவிட்டார்.

"ஏனுங்க மாமா, தாமரை மேல பந்து பட்டா உள்ளயா வெளியவா?" என்று கேட்டாள் சௌமியா.

"தாமரைல பட்டா ரெண்டு பாயின்டு கண்ணு. கதிரண்ணா, பக்கவாட்டுல நேஷனல் பர்மிட்னு எழுதீரட்டுங்களா?"

"எழுதித்தான் பாரேன், உன்ற முதுகுல நானு எழுதறேன்."

டீ நேரத்தில் பட்டறையே அதைச் சுற்றி நிற்கும். ரிவெட் அடிக்கிறவர்கள், வெல்டர்கள், லோடு இறக்க வந்து காத்திருக்கும் டிரைவர்கள் எல்லோரும் ஆடினார்கள். பள்ளி விட்டதும் சௌமியா சைக்கிளில் நேராக அங்கே வந்துவிடுவாள். அப்பாவின் சட்டை வெல்டிங் புகை நாற்றத்தோடு எதிரே நிற்கும். வலது பக்கம் வரும் பந்துக்கு அவருடைய ஃபோர்ஹேண்ட் அடி பெரியது. மேசையை விட்டுத் தள்ளி நின்று, வலது காலில் கனத்தை வைத்து, இடுப்பைத் திருப்பி, பேட்டை நெற்றிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். அவளும் அதைப் பார்த்துப் பார்த்தே கற்றாள். தள்ளி நின்று அடிப்பதற்கு மேசையின் உயரம் பெரிய தடை இல்லை.

பேக்ஹேண்ட் அப்படியில்லை. அது இடது பக்கம் வரும் பந்தை மேசைக்குப் பக்கத்தில் நின்று, வயிற்றுக்கு முன்னால் அடிப்பது. அவள் வயிறு இருந்த இடத்தில் அங்கே பலகையின் ஓரம் இருந்தது. அதனால் முழங்கையைத் தூக்கி, பேட்டை நெஞ்சுக்கு எதிரே வைத்துத் தள்ளினாள். அந்த மேசையில் அது போதுமானதாக இருந்தது.

பிளஸ் டூ படிக்கும்போது சேலத்தில் ஒரு போட்டி. எதிரில் ஆடிய பெண் முதல் ஆட்டம் முடிவதற்குள் கண்டுகொண்டாள். அப்புறம் ஒவ்வொரு பந்தையும் இடது பக்கமே போட்டாள். பந்துகளெல்லாம் தன் பேட்டுக்குக் கீழே விழுவது போல சௌமியாவுக்கு இருந்தது. மூன்று ஆட்டத்தையும் தோற்றாள். திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டார். மல்லூர் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"எனக்கு பேக்ஹேண்ட் வராதுப்பா. என்ற கை அப்படி."

"உடு சாமி. எல்லாருக்கும் எல்லாமா வருது?"

அதன் பிறகு அவள் பேட்டைத் தொடவில்லை. இன்ஜினியரிங் படிக்கப் போனாள். 2009இல், புதிதாகப் பாடி கட்டிய ஒரு லாரியை ஓட்டிப் பார்க்கும் சாக்கில் மேசையை அதில் ஏற்றிக்கொண்டு போய், வெண்ணந்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு வந்தார் கதிர்வேல்.

அறுபது வயதில் வேலையை விட்டு ஒரு வருடம் அவர் சும்மா இருந்தார். சும்மா இருப்பது அவருக்கு ஆகவில்லை. நாமக்கல்லில் புதிதாகத் திறந்த டேபிள் டென்னிஸ் பயிற்சிக் கூடத்தில் நெட்டைப் பிடிக்கும் கிளாம்ப் உடைந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். போனார், சரிசெய்தார், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோச் கிருத்திகாவுக்கு இருபத்தாறு வயது.

"நீங்க ஆடுவீங்களாங்கய்யா?"

"பட்டறையில ஆடினதுங்க மேடம்."

அவள் ஒரு பேட்டைக் கொடுத்து வலது பக்கம் நாலு பந்து போட்டாள். நாலையும் அவர் அடித்த வேகத்துக்கு "அட!" என்றாள். பிறகு இடது பக்கம் போட்டாள். மறுபடியும் இடது பக்கம். மறுபடியும்.

"முழங்கைய ஏனுங்கய்யா கோழி றெக்க மாதிரி தூக்குறீங்க? யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லீங்க. அதுவா வந்தது."

மறுநாளே அவர் பயிற்சிக்குச் சேர்ந்தார். எட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். கிருத்திகா அவர் கக்கத்தில் ஒரு துண்டை மடித்து வைத்தாள். துண்டு விழாமல் அடிக்க வேண்டும். விழுந்தால், தரையில் கிடக்கும் பந்தையெல்லாம் அவர்தான் பொறுக்க வேண்டும். முதல் வாரம் முழுக்கப் பொறுக்கினார்.

"தோள் தூங்கட்டுங்கய்யா. பேட்டு வயித்துக்கு முன்னால. முன்கை மட்டும் கதவு மாதிரி தொறக்கோணும்."

"எந்தக் கதவுங்க மேடம்?"

"கதவுன்னா கதவுதானுங்களே?"

"லாரில பின்கதவு மேல இருந்து கீழ விழும். கேபின் கதவு பக்கவாட்டுல தொறக்கும். நீங்க எதச் சொல்றீங்க?"

அவளுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. "கேபின் கதவுங்கய்யா."

அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் பேக்ஹேண்டுக்கு அதுதான் பெயர். எட்டு வயதுப் பிள்ளைகள்கூட "தாத்தா, கேபின் கதவு! கேபின் கதவு!" என்று கத்தினார்கள்.

இரண்டு மாதத்தில் துண்டு விழாமல் நின்றது. ஆனால் துண்டை எடுத்துவிட்டால் முழங்கை தானாக மேலே போனது. கீழே இறக்கினால் மேசை எங்கோ பள்ளத்தில் கிடப்பது போல இருந்தது. ஒருநாள் கேட்டுவிட்டார்.

"இந்த டேபிள் ஏனுங்க மேடம் இத்தன தாழ்வா இருக்குது? கால் ஏதாச்சும் மடங்கிருச்சா?"

"எல்லா ஊருலயும் இதே உயரந்தானுங்கய்யா. எழுபத்தாறு சென்டிமீட்டர்."

அவர் பைக்குக்குப் போய்ப் பெட்டியிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்தார். இரண்டு அடி பத்து அங்குலத்துக்கு நேரே மறுபக்கத்து சென்டிமீட்டரைப் பார்த்தார். எண்பத்தாறு. அன்று அதன் பிறகு அவர் ஆடவில்லை என்று கிருத்திகா துக்கத்துக்கு வந்தபோது சௌமியாவிடம் சொன்னாள்.

மறுநாள் வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்குப் போனார். மேசை ஹாலில் இருந்தது. தாமரைகள் தேய்ந்திருந்தன. ஆங்கிள் கால்கள் அசையவில்லை. தலைமையாசிரியர் குமாரசாமி அவரை அடையாளம் கண்டு டீ வரவழைத்தார்.

"உங்க டேபிள் இரும்புக் கோட்டைங்க. பதினஞ்சு வருசமா காலு இம்மியும் அசையல. எங்க புள்ளைக ஃபோர்ஹேண்ட் அடிச்சா எவனும் நிக்க மாட்டான். பேக்ஹேண்ட் மட்டும் வரமாட்டேங்குது. வருசா வருசம் போட்டில அங்கதான் தோக்குறோம். என்ன பண்றதுங்க, இந்த ஊருப் புள்ளைக கை அப்படி."

கதிர்வேல் டீயைக் கீழே வைத்தார். மேசையை அவர் கண்முன்னாலேயே அளந்து காட்டினார். கை காரணமில்லை, மேசைதான் காரணம் என்றார். நாலு காலையும் நானே வந்து வெட்டித் தருகிறேன் என்றார். ஆனால் பொதுத்தேர்வு வந்துவிட்டது. ஹாலில் அன்றைக்கே பெஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தேர்வு முடியும்வரை உள்ளே மிஷின் கொண்டுவர முடியாது. "முடிஞ்சதும் நானே போன் பண்றேனுங்க" என்றார் குமாரசாமி.

அன்று மாலை கதிர்வேல் சௌமியாவைப் போனில் அழைத்தார்.

"சாமி, சேலத்துல தோத்தியே. அது உன்ற கை இல்ல. டேபிள் பத்து சென்டிமீட்டர் உயரம். நாந்தான் தப்பா வெச்சுட்டேன்."

சௌமியா வேலை செய்வது அளவுக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் பிரிவில். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கருவிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவாள். ஆறு வருடம் தன் முன்னால் நின்ற மேசையை அவள் ஒரு தடவைகூட அளந்ததில்லை.

"சரிப்பா. மீட்டிங் இருக்குது. அப்புறம் பேசறேன்" என்றாள்.

மீட்டிங் எதுவும் இல்லை. அப்புறமும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தபோது ரப்பரைப் பற்றித்தான் பேசினார்கள். அவரிடம் சொல்ல அவளுக்கு ஒன்றே ஒன்று இருந்தது. அந்த மேசையில் ஆடிய ஆறு வருடமும் நன்றாகத்தான் இருந்தன. பசை காய்ந்த நேரமே போதுமாக இருந்திருக்கும் அதைச் சொல்ல.

அவருடைய பேக்ஹேண்ட் கடைசியில் வந்துவிட்டது. இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, ஒட்டிய புது ரப்பரோடு கூடத்துக்குப் போனவர் நெட்டில் விடாமல் அறுபது பந்து திருப்பியதை கிருத்திகா செல்போனில் எடுத்து வைத்திருந்தாள். சௌமியா பார்த்தாள். முழங்கை கீழே இருந்தது. தோள் தூங்கியது.

காரியமெல்லாம் முடிந்து, அப்பாவின் செல்போனைத் தன்னோடு ஓசூருக்கு எடுத்துப் போனாள். ஏப்ரல் மாதம் ஒரு பிற்பகல் அது அடித்தது.

"கதிர்வேல் அய்யாவுங்களா? குமாரசாமி பேசறேனுங்க. பரீட்சை முடிஞ்சிருச்சு. ஹாலைத் தொறந்துட்டோம். புள்ளைகளுக்கு லீவுல கேம்ப் ஆரம்பிச்சாச்சு. எப்ப வாரீங்க?"

"நான் அவரு பொண்ணுங்க சார்." பிறகு சொன்னாள்.



"எங்களுக்குத் தெரியாம போச்சேம்மா" என்றார் குமாரசாமி. "நீங்க கஷ்டப்பட வேண்டாம். இங்க வெல்டிங் கடை இருக்குது. எவ்வளவு வெட்டோணும்னு மட்டும் சொல்லுங்க, நாங்களே வெட்டிக்கறோம்."

"பத்து சென்டிமீட்டர். ஆனா வெட்டாதீங்க சார். ஹால் தரை மட்டமா இருக்குதான்னு மொதல்ல பாக்கோணும். ஞாயித்துக்கிழமை நானே வாரேனுங்க."

"அதுவரைக்கும் புள்ளைகள ஆட உடலாமுங்களா?"

 போனில் அவருக்குப் பின்னால் பந்து விழும் சத்தம் கேட்டது. ஒரு சிறுமியின் குரல், "ச்சே, லெஃப்ட்ல வரவே மாட்டேங்குதுடி" என்றது. "ஆடட்டுங்க சார், தப்பு அவங்க கையில இல்ல, டேபிள்லன்னு மட்டும் சொல்லிருங்க" என்றாள் சௌமியா.