நின்றால் ஆடும் பலகை

சென்னம்மாளுக்குத் தண்ணீர் என்றால் பயம். குளத்தில் வேலை பார்க்கிறவளுக்குத் தண்ணீர்ப் பயமா என்று சிரிக்காதீர்கள். சமையல்காரனுக்கு வயிற்றுவலி வருவதில்லையா?

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் ஒரு தங்கும் விடுதி. அதன் குளத்தில், காற்றடைத்த நீளப் பலகைமேல் நின்றபடி துடுப்புப் போடுவது விருந்தாளிகளுக்கு விளையாட்டு. பயந்தவர்களுக்குத் துணையாக இன்னொரு பலகையில் கூடவே போவது சென்னம்மாளின் வேலை. நீச்சல் தெரியாது, மாட்டிக்கொண்ட லைஃப் ஜாக்கெட்தான் நம்பிக்கை. ஆனாலும் இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் தலை நனைந்ததில்லை. கதவைப் படுக்கப் போட்டதுபோல அத்தனை அகலப் பலகை, அதன்மேல் நின்று வெற்றிலைகூட மடிக்கலாம். பார்த்தவர்கள் அவளைத் தைரியசாலி என்றார்கள். அவளும் மறுக்கவில்லை. யார்தான் மறுப்பார்கள்?

அந்தப் பலகை பாறையில் உரசிக் கிழிந்துபோயிற்று. மேலாளர் இமானுவேல், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பதிலுக்கு ஒன்று வாங்கி வந்தார். நீளமும் குறைச்சல், அகலத்தில் ஒரு சாண் குறைச்சல்.

"ஏனுங்க, இது சின்னப் புள்ளைங்களுக்குங்களா?"

"உங்களுக்குத்தான்க்கா. போய்க்கிட்டே இருந்தா ஆடாது. நின்னாத்தான் ஆடும்."

நல்லா இருக்கிறது கதை! சென்னம்மாள் மிளகு பறித்து வளர்ந்தவள். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணி ஆடினால் என்ன செய்ய வேண்டும்? அசையக் கூடாது. மூச்சைப் பிடித்து, கால்விரலை இறுக்கி, மரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிக் கிடந்தது. தண்ணீரில் கட்டிக்கொள்ள மரம் ஏது? விரலை இறுக்கினால் முழங்கால் விறைத்தது. முழங்கால் விறைத்தால் பலகை புரளப் பார்த்தது. பாவம், கரையோரத்திலேயே மண்டியிட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சோறு போடும்போதும் அந்தப் பலகையைத்தான் திட்டினாள். "வேலைய உட்டுரு புள்ள" என்றான் கணவன் கருப்பண்ணன்.

"உட்டுட்டு? மறுபடி ஏணி ஏறட்டுங்களா?" என்று சீறினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லிலிருந்து பானுமதி என்று ஒரு பெண் வந்தாள். மிச்சமிருந்த பெரிய பலகை அவளுக்கு, சின்னது சென்னம்மாளுக்கு.

"அக்கா, பக்கத்துலயே இருப்பீங்கல்ல?"

"இருக்கறேன் கண்ணு."

விருந்தாளி முன்னால் மண்டியிட முடியுமா? சென்னம்மாளும் எழுந்து நின்றே துடுப்புப் போட்டாள். நடுக்குளம் வரை எப்படியோ போய்விட்டார்கள். அப்போது பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வந்தது. பானுமதியின் பலகை திரும்பி, குளம் நிரம்பினால் வழியும் கலிங்குப் பக்கம் நகர ஆரம்பித்தது. மழைக்காலம், கலிங்கில் தண்ணீர் வழிந்து, அந்தப் பக்கம் பாறையில் சரிந்து இறங்கியது. அந்தப் பெண் துடுப்பைத் தவறவிட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு அலறினாள்.

சென்னம்மாளின் உடம்பு அதன் வழக்கப்படி சிலையாக நின்றது. பலகை உடனே சாய்ந்தது. ஐயோ என்று துடுப்பைத் தண்ணீரில் குத்தி இழுத்தாள். பலகை நேரானது. இன்னொரு இழுப்பு. ஓடியது. பயத்திலேயே ஓட்டினாள், நிறுத்தினால் செத்தோம் என்று ஓட்டினாள். ஓட்டிய வேகத்தில் பானுமதியையும் தாண்டிப் போய்விட்டாள்!

"அக்கா! நில்லுங்கக்கா!"

எப்படி நிற்பது? வளைத்துத் திரும்பி வந்தாள். அந்தப் பெண்ணின் பலகையைப் பிடிக்க வேண்டுமானால் நிற்க வேண்டும். நின்றால் விழ வேண்டும். இதற்கு மூன்றாவது வழி கிடையாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கலிங்கின் இரைச்சல் காதை அடைத்தது. 'அரப்பளீஸ்வரா, எனக்கு வேண்டாம்' என்று மனசு கெஞ்சியது.

துடுப்பு நின்றது. பலகை புரண்டது. பச்சைத் தண்ணீர் மூக்கிலும் காதிலும் ஏறியது. எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. லைஃப் ஜாக்கெட் அவளை வெடுக்கென்று மேலே தூக்கிவிட்டது. கையில் பட்ட கயிறு பானுமதியின் பலகைக் கயிறு. இன்னொரு கையால் கலிங்கோரக் கோரைப்புல்லைக் கொத்தாகப் பிடித்தாள். கோரை உள்ளங்கையை அறுத்தது. இமானுவேல் மிதிபடகில் வந்து சேரும்வரை இரண்டையும் விடவில்லை, கத்துவதையும் விடவில்லை.

கரையில் போர்வைக்குள் சென்னம்மாளின் பல் தந்தியடித்தது. பானுமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்காகக் குதிச்சீங்களேக்கா. உங்களுக்குப் பயமே இல்லியா?"

"சின்னதை மாத்திடறேன்க்கா. பெருசே வாங்கித் தாரேன்" என்றார் இமானுவேல், முகம் வெளுத்து.

சென்னம்மாள் தலையாட்டி மறுத்தாள்.

"வேண்டாங்க. பெருசா இருந்திருந்தா நான் எதுக்குங்க தண்ணிக்குள்ள எறங்கறேன்? அதுமேலயே பத்திரமா நின்னுக்கிட்டு, கைய நீட்டு கண்ணு, கைய நீட்டுன்னு கத்திக்கிட்டிருப்பேன். இந்தப் புள்ள போயிருக்கும்."