அம்மனுக்குப் பிடித்த குரல்

ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிரேமலதாவின் குரலை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார்கள். பேசிய ஆளைத் தேடினால், எண்ணெய் வைத்துத் தலையை இறுக்கிப் பின்னிய ஒல்லியான பெண் ஒருத்தி, நாற்பதை நெருங்குகிறவள், நிற்பாள். அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சில் கொஞ்சம் தங்கி, அவசரமே இல்லாமல் வெளியே வரும் கனத்த குரல் அவளுக்கு. அவள் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் பால்மா வேண்டும் என்று டவுன் கடைக்குப் போன் பண்ணினால், கடைக்காரர் "ஹரி மஹத்தயா" என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லிப் போனை வைப்பார். அவள் திருத்தியதே இல்லை. ஐயா என்று நினைத்தால் சாமான் சீக்கிரம் வந்து சேர்கிறது, அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் இந்த மரியாதை கிடைக்கவில்லை. கலைவிழாவுக்குப் பாட்டுப் பழக்கிய மிஸ், மற்றப் பிள்ளைகளின் கீச்சுக் குரல்களுக்கு நடுவே இவளுடையது மட்டும் தனியாக உருளுவதைக் கேட்டுவிட்டு, "நீ வாயை மட்டும் அசைம்மா" என்றார். அசைத்தாள். விழா முடிந்து எல்லோருக்கும் கொடுத்த கப் கேக்கை அவள் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டு வந்து தம்பிக்குக் கொடுத்தாள். பாடாத வாய்க்கு எதற்குக் கேக் என்று அந்த வயதிலேயே ரோஷம்.

அதனாலோ என்னவோ, ரேடியோவில் ஆண் பாடினால்தான் அவளுக்குப் பிடிக்கும். ஆண் குரலோடு அவளால் கூடவே போக முடியும், இறங்கும் இடத்தில் இறங்கி, நிற்கும் இடத்தில் நிற்க முடியும். பெண்கள் பாடும் பாட்டெல்லாம் அவளுக்கு எட்டாத கொப்பில் காய்த்த மாங்காய். புருஷன் கிருஷாந்த் இதற்கு நேர் எதிர். அவன் ஓட்டும் த்ரீவீலில் பெண் குரல் தவிர வேறு குரல் ஏறியதில்லை.

"வீட்ல ஒரு ஆம்பளக் கொரல் இருக்கு. ரோட்டுலயாச்சும் பொம்பளக் கொரலக் கேட்டுக்கிறேன்" என்பான்.

"அப்ப சோத்தையும் ரோட்டுலயே சாப்ட்டுக்கங்க" என்பாள் இவள். இருவரும் சிரிப்பார்கள். அவன் சொன்னால் வலிக்காது, ஏனென்றால் அவன் அந்தக் குரலைக் கேட்டுத்தான் பெண் கேட்டு வந்தவன்.

பிள்ளை மடுவத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தது கல்யாணத்துக்கு முன்பே. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவார்கள். நடு மத்தியானத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களுக்கு நடுவே நின்று, இரண்டு கையாலும் இரண்டு தொட்டிலை ஆட்டிக்கொண்டு அவள் பாடுவாள். பாட்டும் அவள் கட்டினதுதான்.

"மலையேறிப் போனவ மத்தியானம் வந்திடுவா,
மழையில நனையாம மடியில நீ கண்ணுறங்கு."

இரண்டாவது அடி முடிவதற்குள் மடுவம் அடங்கிவிடும். அதில் ஒரு தொல்லையும் இருந்தது. "அக்கா, ஒங்க கொரலுக்குப் பழகிட்டு, வீட்ல நான் பாடுனா இது முழிச்சுக்கிட்டுச் சிரிக்குது. நான் என்ன செய்ய?" என்று சுதர்ஷினி இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு சண்டைக்கே வந்திருக்கிறாள். பிரேமலதாவுக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது.

இந்தச் சுதர்ஷினிதான் இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் வாயைத் திறந்தவள்.

அந்தத் தோட்டத்தில் திருவிழாவின் கடைசி நாள் அந்தியில் அம்மனை ஊஞ்சலில் வைத்துத் தாலாட்டுப் பாடுவது வழக்கம். முன்பு அதைப் பாடிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா மகனோடு கொழும்புக்குப் போனதிலிருந்து கோயில் கமிட்டித் தலைவர் செல்லையா தன் போனை ஸ்பீக்கரில் கொழுவி ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். நல்ல மனுஷர். கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். ஆனால் ஒன்றை நம்பிவிட்டால் டிராக்டர் வைத்து இழுத்தாலும் அசையமாட்டார்.

"போன்ல போடுறதுக்குப் பதிலா நம்ம லதாக்கா பாடட்டுமே" என்றாள் சுதர்ஷினி.

கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. செல்லையா சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார். "லதா, நீ மனசுல வச்சுக்காதம்மா. புள்ளைங்க வேற, அம்மன் வேற. தாலாட்டுன்னா பொம்பளக் கொரல் தேன் மாதிரி எறங்கணும். இது ஆம்பள பாடுற மாதிரி இருக்கும். அம்மனுக்குப் பிடிக்காது."

பிரேமலதா எழுந்து நின்றாள். அன்றைக்கு அசைத்த வாய் இப்போது சும்மா இருக்க மறுத்தது.

"அம்மனுக்கு என்ன பிடிக்கும்னு ஒங்களுக்கு எப்படி மாமா தெரியும்? அவகிட்டயே கேப்போம். பூக்கட்டிப் பாருங்க."

சிரிப்பு நின்றது. தேர்ப் பாதையை மாற்றவோ கோயில் சுவரை இடிக்கவோதான் அங்கே பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு குரலுக்காக யாரும் கேட்டதில்லை.

"வேண்டாம்னு வந்தா?" என்றார் செல்லையா.

"வேண்டாம்னு வந்தா நான் இனிப் பாடவே மாட்டேன். மடுவத்துலயும்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. சுதர்ஷினி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சொன்னது சொன்னதுதான் என்று அவள் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை பூசாரி சிவப்புப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றிக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். சிவப்பு என்றால் போன், வெள்ளை என்றால் பிரேமலதா. பொட்டலத்தை எடுக்க ஒரு சின்னப் பிள்ளை வேண்டும். யாரும் குறை சொல்லக்கூடாது என்று செல்லையா தன் பேத்தி லக்ஷிகாவையே கூப்பிட்டார். மடுவத்துப் பிள்ளைதான், ஆனால் மடித்த இலைக்குள் எந்தப் பூ என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அது ஒரு பொட்டலத்தை எடுத்தது, கீழே வைத்தது, மற்றதை எடுத்துத் தாத்தாவிடம் நீட்டியது. பிரேமலதா தன்னை நினைக்கவில்லை, நாளை மத்தியானம் தொட்டில்களுக்கு நடுவே சும்மா நிற்பதை நினைத்தாள்.

செல்லையா நூலைப் பிரித்தார். பிறகு எல்லோருக்கும் தெரியும்படி கையை நீட்டினார். வெள்ளை.

"அவ சொல்லிட்டா. நீ பாடும்மா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது, சூது இல்லை.

கடைசி நாள் அந்தியில் மழை விட்டிருந்தது. அம்மன் ஊஞ்சலில் ஏறினாள். கோயில் முன்னால் விரித்த தார்ப்பாய்ப் படங்கில் தாய்மாரும் பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிரேமலதா மைக்கைப் பிடித்து முதல் அடியைத் தொடங்கியதும், ஸ்பீக்கர் பக்கம் நின்ற இளவட்டங்களில் மதுசன் என்பவன், "யாருடா, தலைவரா பாடுறாரு?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்குக் கேட்டது. பிறகு அவள் ஊஞ்சல் கயிற்றை ஒரு கையில் பிடித்தாள். பிடித்த கைக்கு அது தொட்டிலாகத்தான் தெரிந்தது. மத்தியானம் பாடுகிற மாதிரியே பாடினாள், அதே பாட்டு, அதே கனம்.

"மலையேறிப் போனவ மத்தியானம் வந்திடுவா..."

முதலில் சுதர்ஷினியின் பிள்ளை தலையைச் சாய்த்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு படங்கு முழுக்க, பஞ்சு மிட்டாயைக் கையில் வைத்தபடியே, பலூன் நூலைப் பிடித்தபடியே, பிள்ளைகள் ஒவ்வொன்றாக மடிகளில் சரிந்தன. பள்ளிக்கூடம் போகும் பெரிய பிள்ளைகள் கூட அம்மாவின் தோளில் சாய்ந்து கண்ணைக் கசக்கினார்கள். ஏன் என்று அவர்களுக்கே புரியவில்லை. ஸ்பீக்கர் பக்கம் நின்ற மதுசன் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். அவனும் ஒரு காலத்தில் அந்த மடுவத்துத் தொட்டிலில் கிடந்தவன்தான்.

பாட்டு முடிந்தது. கைதட்ட வேண்டிய இடத்தில் யாரும் தட்டவில்லை. தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூசாரி கற்பூரத் தட்டோடு செல்லையாவிடம் வந்தார். தொட்டுக் கும்பிட அவருக்குக் கை ஒழியவில்லை. தோளில் லக்ஷிகா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வழக்கம் போல அடுத்த பாட்டைப் போட ஒருவன் அவருடைய போனை எடுத்தான். செல்லையா தலையை ஆட்டினார்.

"அத அமத்துப்பா" என்றார் மெல்லிய குரலில். "அம்மன் தூங்கிட்டா."

அவர் கண்கள் கலங்கியிருந்ததைப் பிரேமலதா பார்த்தாள். பெருமையில் அவளுக்கு நெஞ்சு விம்மியது, அதை மறைக்க அவள் முயலவில்லை. கோயில் வாசலில் ஊரே குசுகுசுவென்று பேசியது, விரல் நுனியில் நடந்தது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டது. அவள் ஒருத்திதான் மைக்கை வைத்துவிட்டு, கடவுள் கொடுத்த முழுக் குரலில், "சரி, மறுபடி மழ வருது, புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு லயத்து வீட்டுக்குப் போங்க" என்றாள்.

ஒரு பிள்ளையும் விழிக்கவில்லை.