முதல் குரலுக்கு எழுந்த எங்கள் அண்ணார்

அன்று வாசலூர்பட்டி வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். உள்ளறைக் கட்டிலில் காய்ச்சலோடு எங்கள் அண்ணார். அவர் கால்மாட்டில் அண்ணி. அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்த தங்கையாகிய நான். முன்வாசலில் மிளகு மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த சடையன். இவர் எங்கள் வீட்டில் முப்பது வருஷமாகச் சுமை எடுப்பவர். அவர் பக்கத்தில், காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறி வந்திருந்த கடைக்காரர் காசிம் ராவுத்தர். மேற்கு அறையில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர். ஏழாவதாக யாரும் இல்லை. அடுத்த வீடு இரண்டு வயல் தள்ளி. அவர்களும் அன்று சந்தைக்கு இறங்கியிருந்தார்கள். இதை நான் ஒன்றுக்கு நாலு தரம் விசாரித்த பிறகுதான் எழுதுகிறேன்.

இவ்வளவு கணக்காக எழுதுவதற்குக் காரணம் உண்டு. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "கூப்பிட்டது யாருங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நம் சேலம் ஜில்லா முழுவதும் இன்னொரு கேள்வி சுற்றிக்கொண்டிருக்கிறது. டில்லி சட்டசபையில் அண்ணார் ஏன் வாய் திறக்கவில்லை, சர்க்காரிடம் என்ன வாங்கிக்கொண்டார் என்பது அந்தக் கேள்வி. அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுத்தால் எனக்குச் சோறு இறங்காது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணார் பிறந்தது இதே வீட்டில்தான். தகப்பனார் மலையில் மிளகு வாங்கி, அடிவாரத்தில் விற்றார். அண்ணாருக்கு ஒன்பது வயதும் எனக்கு ஏழு வயதும் ஆனபோது எங்கள் இருவரையும் படிப்புக்காகக் காளப்பநாயக்கன்பட்டியில் கொண்டுபோய் விட்டார்.

இங்கே எங்கள் மலை வழக்கம் ஒன்றைக் கீழ்நாட்டு உறவினர்களுக்காகச் சொல்ல வேண்டும். யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கு நாங்கள் பதில் சொல்ல மாட்டோம். இரண்டாம் குரலுக்கும் மாட்டோம். மூன்றாம் குரல் கேட்ட பிறகுதான் வாய் திறப்போம், எழுந்திருப்போம். மூடுபனியில் கூப்பிடுகிறவர் முகம் தெரியாது. பள்ளத்தில் இருந்து கூப்பிடுகிற ஒன்று உண்டு. அதற்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை. மனிதருக்கு மூன்று மூச்சு, அதற்கு ஒரு மூச்சுதான் என்பார்கள். ஒரு தரம் கூப்பிட்டு, எழுந்து வந்தால் கூட்டிக்கொண்டு போகும். வராவிட்டால் போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆஜர் கூப்பிட்டார். மலைப்பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டு, ஐந்து பேரும் வரவில்லை என்று எழுதிவிட்டார். எதிரே உட்கார்ந்திருக்கிறோம், ஆனால் வரவில்லை. அண்ணார் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். "கீழ அதெல்லாம் இல்ல கண்ணு. வாத்தியாரு கூப்புட்டா வாத்தியாருதான்" என்று எனக்கும் சொல்லிப் பார்த்தார். எனக்கு வரவில்லை. பயம் விடவில்லை. மூன்றாம் வகுப்பில் அடி தாங்காமல் மலைக்கே திரும்பிவிட்டேன்.

அண்ணார் சேலத்தில் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, நாமக்கல்லில் வக்கீலானார். தாலூகா போர்டு, ஜில்லா போர்டு என்று ஏறி, கடைசியில் டில்லி சட்டசபைக்கு நின்றார். வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு என்பது எல்லாருக்கும் தெரியும். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் ஒரு பண்ணைக்காரர், "ஏனுங்க வக்கீலய்யா, மலை மலைங்கிறீங்களே, மலையில ஓட்டு எந்த மரத்துலீங்க காய்க்குது?" என்று சிரித்தாராம்.

"பலா மரத்துலீங்க. பழுக்கக் கொஞ்சம் நாளாகும்" என்று அண்ணாரும் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தப் பண்ணைக்காரரும் இவருக்கே ஓட்டுப் போட்டார்.

எட்டு வருஷம் மெம்பராக இருந்தார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் குடிக்கத் தண்ணீர் இல்லாதது, சேலத்து நெசவாளருக்கு நூல் விலை கட்டாதது, தபால் கார்டு விலை ஏறியது எல்லாம் கேட்டார். பெயரைக் கூப்பிட்ட உடன் எழுந்துதான் கேட்டார். பத்திரிகையில் வந்ததை அண்ணி கத்தரித்து வைத்திருக்கிறார். அப்போதெல்லாம் அவரை யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு காய்ச்சல் வருஷம் வந்தது. எங்கள் மலையின் ஆலத்தூர் நாட்டில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். அதற்கு மருந்தான கொயினா மாத்திரையைத் தபாலாபீசில் விற்கிறார்கள். எங்கள் மலை மேல் தபாலாபீசு இல்லை. குளிரில் நடுங்குகிறவர் ஒரு பகல் முழுக்க இறங்கி, மறு பகல் ஏற வேண்டும். பாதி வழியில் உட்கார்ந்தவர்கள் உண்டு. ஆகவே மலைக்கு ஒரு தபாலாபீசு வேண்டும், அதில் கொயினா விற்க வேண்டும் என்று அண்ணார் கேள்வி எழுதிக் கொடுத்தார். தபால் இலாகா டில்லிக்குத்தான் உட்பட்டது. "இது ஒண்ணு நடந்தாப் போதும் கண்ணு, மெம்பரா இருந்ததுக்கு" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

அவர் போன பிறகு, மாசி மாதம், பட்டப்பகலில் நான் களத்தில் மிளகு புரட்டிக்கொண்டிருந்தேன். பள்ளத்தில் இருந்து அண்ணாரின் வீட்டுப் பெயரைச் சொல்லி ஒரு குரல் வந்தது. சடையன் குரல் என்று நினைத்துத் திரும்பினேன். சடையன் என் பின்னால் கூடையோடு நின்றிருந்தார்.

"சடையண்ணா, நீங்களா கூப்புட்டீங்க?"

"நா இங்கயேதான நிக்கறனுங்க தாயி. கூப்புட்டது உங்க கொரலாட்டந்தான் கேட்டுச்சு."

இரண்டாம் குரலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. சடையன் கூடையை வைத்துவிட்டு, "அய்யா ஊர்ல இல்லாததும் நல்லதுக்குத்தானுங்க" என்றார்.

அன்றே கடிதம் எழுதினேன். 'உங்களை இங்கே கூப்பிடுகிறது. இன்னும் பதினைந்து நாளைக்கு எந்த ஊரில் யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கு எழுந்திருக்க வேண்டாம். என் மேல் ஆணை' என்று எழுதினேன். சடையன் இறங்கிப்போய்த் தபாலில் போட்டார்.

சித்திரையில் அண்ணார் வந்தார். முகம் சரியாக இல்லை. தபாலாபீசு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எம் பேரக் கூப்புட்டாங்க கண்ணு. நல்லாக் காதுல விழுந்துச்சு. நான் உக்காந்தே இருந்துட்டேன்."

"ஏனுங்கண்ணா?"

"அடுத்த கொரலுக்குப் பாத்துட்டு இருந்தேன். அதுக்குள்ள அடுத்த மெம்பரு எந்திரிச்சு அவரு கேள்வியக் கேட்டுப்போட்டாரு. அங்க ஒரு தரந்தான் கூப்புடுவாங்க."

"இத்தன வருசமா எந்திரிச்சீங்களேங்கண்ணா?"

"பழைய பழக்கம். எப்பவாச்சும் வந்துருது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நானும் அதை அப்படியே நம்பிக்கொண்டேன்.

மறுபடி எழுதிக் கொடுத்தார். யுத்த காலம், இப்போது புதுத் தபாலாபீசு கிடையாது என்று பதில் வந்தது. சந்தையில் பேச்சு கிளம்பியது. தூங்கிவிட்டு வந்தார் என்றார்கள். வாய்க்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு ராவ்பகதூர் பட்டம் என்றார்கள். அண்ணார் முன்னால் யாரும் சொல்லவில்லை, ஆனால் அவர் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். பட்டம் எதுவும் வரவில்லை. அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு அண்ணார் டில்லிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். ராவுத்தர் மூலமாகச் சேலத்தில், சென்னையில், எங்கே கிடைக்கிறதோ அங்கே, என்ன விலை சொல்கிறார்களோ அந்த விலைக்குக் கொயினா வாங்கினார். சடையன் பெட்டியைத் தலையில் சுமந்து வர, அண்ணார் ஆலத்தூர் நாட்டில் குக்கிராமம் குக்கிராமமாக ஏறி இறங்கினார். செருப்பு இல்லாமல்தான் நடந்தார். அந்த மண்ணில் செருப்போடு நடக்க அவருக்கு மனம் வராது.

ஒரு நாள் நடந்ததைச் சடையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலை பத்து மணி இருக்கும், மூடுபனி விலகவில்லை. ஏழெட்டு வீடுகள் உள்ள ஓர் ஊர். வெளியில் ஆள் இல்லை, நாய் இல்லை. அண்ணார் ஊர் நடுவில் நின்று, "ஊட்டுல யாருங்க?" என்று குரல் கொடுத்தார். கடைசி வீட்டில் இருந்து, "இருக்கறமுங்க, வாங்க" என்று உடனே பதில் வந்தது.

அண்ணார் அந்தப் பக்கம் நடந்தார். சடையன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அய்யா, ஒரு கொரலுதானுங்க குடுத்தீங்க."

"அதனால என்ன?"

"நம்ம சனம் ஒரு கொரலுக்குப் பேசாதுங்களே."

அண்ணார் நின்றார். இரண்டாம் குரல் கொடுத்தார். எங்கும் சத்தம் இல்லை. மூன்றாம் குரல் கொடுத்தார். மற்ற எல்லா வீடுகளில் இருந்தும் ஒரே நேரத்தில் முனகலாக, "இருக்கறமுங்க" என்று வந்தது. எழுந்திருக்க முடியாமல் பாயில் கிடந்தவர்களின் குரல். அவர்களுக்கு மாத்திரை கொடுத்து, தண்ணீர் காய்ச்சிக் கொடுத்த பிறகு, கடைசி வீட்டைத் திறந்து பார்த்தார்கள். அங்கே பேசக்கூடிய நிலையில் யாரும் இல்லை. நாலைந்து நாள் ஆகியிருக்கும் என்றார் சடையன். குழி வெட்டி அடக்கம் செய்துவிட்டுத்தான் இருவரும் வந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த அண்ணார் சாப்பிடவில்லை. "எந்திரிக்க வேண்டிய எடத்துல எந்திரிக்கல. அந்த ஊட்டுக்காரங்க எனக்குத்தான் பதில் சொன்னாங்க" என்று மட்டும் அண்ணியிடம் சொன்னாராம். அடுத்த வாரம் அவருக்கே குளிர்காய்ச்சல் கண்டது.

இனி அந்த நாள். மூன்று நாளாகக் காய்ச்சல் தணிந்து, காலையில் இரண்டு வாய் கஞ்சி குடித்தார். நாடி நன்றாக இருக்கிறது என்று கம்பவுண்டர் சொன்னார். உச்சிப்பொழுது. தூறலும் இல்லை, காற்றும் இல்லை. அண்ணாரின் பெயரைச் சொல்லி ஒரு குரல் கேட்டது. முழுப் பெயரும், மரியாதையாக.

அண்ணி நான் கூப்பிட்டதாக நினைத்தார். நான் கம்பவுண்டர் என்று நினைத்தேன். கம்பவுண்டர் ராவுத்தர் என்று நினைத்தார். ராவுத்தர் சடையன் என்று நினைத்து, "பேரச் சொல்லியா கூப்புடுவே?" என்று அவரைக் கடிந்திருக்கிறார். சடையன் ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடி வந்தார்.

அதற்குள் அண்ணார் எழுந்துவிட்டார். நாலு நாளாகத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் தேவைப்பட்ட மனிதர். தானாக எழுந்து, நேராக நின்று, மேல்துணியைச் சரிசெய்து, எதிர்ச்சுவரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னார். பிறகு, கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறவர்போல் நின்றார். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் இருக்கும். தலையை ஒருமுறை அசைத்தார். உட்காரப் போகிறவர்போல் பின்னால் சாய்ந்தார். அண்ணி தாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

"நானூத்திப் பதினேழுன்னு சொன்னாருங்க. அப்படித்தான் எங் காதுல விழுந்துச்சு" என்றார் கம்பவுண்டர். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அண்ணி டில்லிப் பெட்டியைத் திறந்தார். குளிர்க்கோட்டின் உள்பையில் சட்டசபைக் கேள்விகள் அச்சிட்ட காகிதம் இருந்தது. கம்பவுண்டர் படித்துச் சொன்னார். நானூற்றுப் பதினேழாவது கேள்வி, எங்கள் மலைத் தபாலாபீசும் கொயினாவும். சபையில் எழுந்து அந்த எண்ணைச் சொல்லித்தான் கேள்வி கேட்பார்களாம். அந்தக் காகிதத்துக்குள் மடித்து வைத்திருந்தது என் கடிதம். உறையில் டில்லித் தபால் முத்திரை. காகிதத்தில் இருந்த தேதியும் அதே தேதி. அன்று காலையில் கையில் வாங்கியிருக்கிறார். படித்துவிட்டுச் சபைக்குப் போயிருக்கிறார்.

ஆகவே உறவினர்களுக்கும் ஜில்லாப் பெரியவர்களுக்கும் நான் தெரிவித்துக்கொள்வது இது. அண்ணார் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. தூங்கவில்லை. அவரை உட்கார வைத்தது நான் போட்ட ஆணை. அதை ஒரு நாளும் என்னிடம் சொல்லிக்காட்டாமல், பழைய பழக்கம் என்று தன் மேல் போட்டுக்கொண்டார். சந்தையில் பேசுகிறவர்கள் இனி என் பெயரைச் சொல்லிப் பேசட்டும். நான் கேட்டுக்கொள்வேன்.

அன்று கேட்ட குரல் எது என்று எனக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் அது யார் குரல் என்று தெரிந்திருந்தது. நான் அதற்கு மேல் யோசிப்பதில்லை. யோசித்தால் பகலிலும் களத்துக்குப் போகப் பயமாக இருக்கிறது.

காய்ச்சலில் உடன் இருந்து, தம் வீட்டுக்குப் போகாமல் பணி செய்த கம்பவுண்டருக்கும், அண்ணாரைத் தோளில் சுமந்த சடையனுக்கும், அழைக்காமலே நடந்து வந்து மூன்று நாள் தங்கிய ஆலத்தூர் நாட்டு மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை.

காசிம் ராவுத்தருக்கு நன்றி மட்டும் போதாது. கொயினா வாங்கியதில் அண்ணாருக்கு டில்லியில் மெம்பர் என்று கொடுத்த படிப்பணம் எல்லாம் போக மீதியை அவர்தான் தம் கடையிலிருந்து போட்டிருக்கிறார். பாக்கி எவ்வளவு என்று கேட்கப் போனேன். "மெம்பரய்யா கணக்க நான் அன்னிக்கே கிழிச்சுப்போட்டேன் தங்கச்சி. போயி வேலையப் பாருங்க" என்றார். அண்ணாரின் கையெழுத்தில் இன்னொரு கணக்கு எங்கள் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியாது. மிளகு விற்று இந்த வருஷம் கொஞ்சம், அடுத்த வருஷம் கொஞ்சமாகக் கொடுப்பதாக அண்ணியும் நானும் முடிவு செய்திருக்கிறோம். டில்லிக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டார் என்று சொன்னவர்களும் பார்க்கட்டும் என்றுதான் அச்சிலேயே போடுகிறேன். எட்டு வருஷம் மெம்பராக இருந்த எங்கள் அண்ணார் ராவுத்தருக்குக் கொடுக்க வேண்டியது, எழுநூற்று முப்பத்திரண்டு ரூபாய் ஆறணா.